அணியத்தறைக்குள் இஞ்ஞாசி

சிப்பிமுனையில் இஞ்ஞாசி என்று ஒருவன் இருந்தான். ஒரு மாசி மாதத்துச் சாயங்காலம் தன் படகின் அணியத்தறைக்குள் கயிறு வைக்கப் போனவன், பங்குனி போய், சித்திரை வெயில் போய், ஆடி பிறந்து காற்று மாறின பிறகும் வெளியே வரவில்லை. ஊரில் இதற்காக யாரும் வாயைப் பிளந்ததாகத் தெரியவில்லை. கயிறு வைக்கப் போனவன் கயிற்றை வைத்துவிட்டுத்தானே வருவான் என்றார்கள்.

அணியத்தறை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபைபர் படகின் முன்பக்கம் குவிந்து கூராகிற இடத்தில் மேலே பலகை போட்டு மூடியிருப்பார்கள். அதற்கு அடியில் கிடைக்கிற இடுக்குதான் அது. சோற்றுப்பானை, தண்ணீர்க் கேன், நனையக்கூடாத தீப்பெட்டி, ஒரு பழைய கோணி, இவ்வளவையும் திணித்தால் பூனை படுக்கக்கூட இடம் இருக்காது. இஞ்ஞாசியின் 'சலேத் மாதா' அதிலும் சின்னப் படகு. வலையை ஏற்றினால் ஐஸ்பெட்டிக்கு இடமில்லை, ஐஸ்பெட்டியை ஏற்றினால் மனுசன் கால் வைக்க இடமில்லை, கால் வைக்க இடமில்லாத படகில் அலை தூக்கிப் போடும்போது கயிறு காலைச் சுற்றும், அப்படிக் கயிறு சுற்றின காலோடு கடலுக்குள் போனவர்களின் பெயர்கள் கோயில் சுவரில் கல்லில் வெட்டியிருக்கின்றன. ஆகையால் சிப்பிமுனையில் படகில் சாமான் அடுக்குவது விளையாட்டுக் காரியம் இல்லை. அதில் கைதேர்ந்த குடும்பம், தேறாத குடும்பம் என்று பார்த்துப் பெண் கொடுப்பவர்கள்கூட உண்டு.

அடுக்குவதில் ஊருக்கென்று ஒரு கட்டுப்பாடும் இருந்தது. கரையில் நிற்கிற படகில் ஒருவன் வைத்த சாமானை அவனேதான் எடுக்க வேண்டும், இன்னொரு கை படக்கூடாது, பட்டால் வைத்தவனுக்கு அந்தப் பருவம் முழுக்க வலை காய்ந்துபோகும். கடலில் இந்தப் பேச்சே கிடையாது. தண்ணீரில் மிதக்கிற படகில் என்ன இருந்தாலும் அது படகில் இருக்கிற எல்லோருக்கும் சொந்தம். ஆபத்து நேரத்தில் இது எவன் கத்தி, எவன் கயிறு என்று விசாரித்துக்கொண்டா இருக்க முடியும்?

இஞ்ஞாசி அடுக்கத் தெரியாத குடும்பம். அவன் பெண்டாட்டி எமரன்சி அடுக்கத் தெரிந்த குடும்பம். இரண்டும் எப்படிச் சேர்ந்தது என்பது வேறு கதை. நங்கூரம் ஒரு பக்கம், அதன் கயிறு ஒரு பக்கம், மிதவைகள் கால்மாட்டில், துடுப்பு குறுக்கே, இப்படித்தான் அவன் படகு கரை சேரும். எமரன்சி நெத்திலி அவிக்கிற அண்டாவோடு கரையில் நின்று அதைப் பார்ப்பாள், பார்த்ததும் வாய் திறப்பாள். அந்த மாசி மாதத்துச் சாயங்காலமும் திறந்தாள்.

"வைக்கிற எடத்துல வைக்கத் தெரியாதா உங்களுக்கு? கயித்த உள்ள தள்ளி வைங்க."

அவன் முட்டி போட்டுக் கயிற்றுச் சுருளோடு தலையை அணியத்தறைக்குள் நுழைத்தான். இன்னும் உள்ளே என்றாள், தோள் போயிற்று. இன்னும் உள்ளே என்றாள், இடுப்பு போயிற்று. இன்னும் உள்ளே என்றாள், கைலியும் முழங்காலும் போயின. கடைசியாக ஒருதரம் சொன்னபோது, வெடித்த குதிகால்கள் இரண்டும் இருட்டுக்குள் போய்விட்டன. கயிற்றின் ஒரு நுனி மட்டும் வெளியே கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பருவம் தப்பின ஒரு தூறல் விழுந்தது. கையில் இருந்ததோ அவளுடைய சீதன அண்டா, உள்ளே பாதி நெத்திலி. நனையவேண்டாம் என்று அண்டாவை ஒருக்களித்து அவன் போன வழியிலேயே தள்ளினாள். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத அந்த அண்டா ஒரு தட்டு போல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவன் பின்னால் வருவான் என்று எண்ணி அவள் வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் காலையில் வந்து கூப்பிட்டபோது உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னான். இதை ஓரமாக வைத்துவிட்டு வருகிறேன் என்றான். குரலில் அவசரம் இல்லை.

ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனுசர், எதையும் உடனே புரிந்துகொள்கிறவர், புரிந்துகொண்டதை உடனே பயன்படுத்தவும் செய்கிறவர். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்றார். அன்று மாலையே தன் கிழிந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து அறை வாயில் வைத்தார். காலையில் வாய் காலியாக இருந்தது, தார்ப்பாய் உள்ளே போயிருந்தது. அதற்குப் பிறகு ஊரைக் கேட்கவேண்டாம். சிப்பிமுனைக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பளம், நடுவில் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்த வீடுகள். மழைக்கு ஒதுங்கினவன் காலை நீட்டினால் அடுத்த வீட்டுக்காரன் கஞ்சியில் படும். அப்படிப்பட்ட ஊருக்கு முதல்முறையாகச் சாமான் போட்டு வைக்க ஒரு கிட்டங்கி வாய்த்தது. இற்றுப்போன வலைகள் வந்தன, விற்காத பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, பந்தல் கால்கள், ஆட்டுக்கல், ஓடாத தையல் மெஷின், கதவில்லாத பீரோ, பீரோ இல்லாத கதவு எல்லாம் வந்தன. பஹ்ரைனுக்கு வேலைக்குப் போன ரெமிஜி ஊரை விட்டுப் புறப்படும்போது தன் மோட்டார் பைக்கைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். செத்துப்போன ஒரு பெரியவரின் தேக்குக் கட்டிலை, அது யாருக்கு என்று முடிவாகும் வரை இருக்கட்டும் என்று அவருடைய இரண்டு மகன்களும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். பங்குச் சாமியார் படகுக்கு முன்னால் நின்று இஞ்ஞாசிக்காகச் செபம் செய்துவிட்டு, அடுத்த நாள் துருத்தி கிழிந்த ஆர்மோனியத்தை அனுப்பிவைத்தார்.

எந்தப் பொருளையும் எந்தக் கோணத்தில் சாய்த்தால் உள்ளே போகும் என்பதில்தான் பேச்செல்லாம். பீரோவை மல்லாத்தி விடு என்பார் ஒருவர், குப்புற விடு என்பார் இன்னொருவர். சாயங்காலம் வாயில் வைத்தது காலையில் உள்ளே போயிருக்கும், படகோ முன்பு இருந்த கனத்துக்கு மேல் ஒரு குந்துமணி ஏறியிருக்காது. உள்ளே அவற்றை யார் இழுத்து வைக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். எமரன்சி மட்டும் பலகையில் காதை வைத்துப் படுத்திருப்பாள், உள்ளே தூரத்தில் எதையோ தரையோடு இழுக்கிற சத்தம் கேட்கும், பிறகு யாரோ இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும்.

சோறு கொடுப்பது அந்தக் கயிற்றில்தான். வெளியே கிடந்த கயிற்றில் நுனியை மிச்சம் விட்டுத் தூக்குச்சட்டியைக் கட்டிவிடுவாள். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு வரும். சாமான்களுக்கு நடுவே தூக்குச்சட்டி போகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது, அதன் வழியாகச் சட்டி தட்டிக்கொண்டே போகும். வெளியே மிஞ்சியிருக்கிற கயிற்றை இழுத்து அவள் சட்டியை எடுப்பாள், அது காலியாக, கழுவிக் கவிழ்த்த மாதிரி வரும். முதலில் அவன் கொண்டுபோன கயிறே போதுமானதாக இருந்தது. பிறகு அதோடு இன்னொரு சுருளை முடிச்சுப் போட வேண்டியிருந்தது, பிறகு அதோடும் ஒன்று. முடிச்சுகள் கூடக்கூட அவன் குரல் தேய்ந்தது. சித்திரையில் வார்த்தை கேட்கவில்லை. வைகாசியில் குரலே கேட்கவில்லை. இழுப்பு மட்டும் வந்தது, அதுவும் இவள் சட்டியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீர்ப் பானையைக் கழுவி வைக்கிற நேரத்துக்குப் பிறகுதான் வந்தது.

எமரன்சி வீடு வீடாகப் போனாள். அவளை யாரும் வாசலில் நிற்கவைக்கவில்லை, உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள், இஞ்ஞாசி நல்லா சாப்பிடுகிறானா என்று விசாரித்தார்கள். அவன் வெளியே வரவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வழியை மறித்துக் கிடக்கிற சாமான்களைக் கடைசியில் வைத்தவர்தான் முதலில் எடுக்கவேண்டும், அவர் இன்றைக்கு வலை கட்டுகிறார். அவருக்கு முந்தினவர் பஹ்ரைனில் இருக்கிறார், அவருக்கு முந்தின கட்டிலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள், அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரமாட்டார்கள். இன்னொருவர் சாமானில் கைவைக்கிற பாவத்தை எமரன்சிகூடச் செய்யமாட்டாள். அவள் அடுக்கத் தெரிந்த குடும்பம் அல்லவா?

கஸ்பார் மட்டும் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசினார்.

"நான் வைக்கதுக்கு முன்னால அங்க ஒரு அண்டா இருந்துச்சு மயினி. மொதல்ல அடச்சது யாரு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மை என்பதால்தான் அது எமரன்சியை அடித்துப் போட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். உள்ளே போ, உள்ளே போ என்று விரட்டினதும் அவள், வழியை முதலில் அடைத்ததும் அவள். அவன் படகில் கண்ட இடத்தில் போட்ட துடுப்பும், வாசலில் போட்ட நனைந்த சட்டையும், பாயின் நடுவில் விட்ட பீடிக்கட்டும் இல்லாமல் வீடு சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தை அவளால் சகிக்க முடியவில்லை.

ஆடிக் காற்றில் கோயில் சப்பரக் கொட்டகையின் கூரை பறந்துபோனது. மாதா பவனி வருகிற சப்பரம், தங்கரேக்கு ஒட்டினது, நனைந்தால் போச்சு. கமிட்டி கூடிற்று. கூடினவர்கள் எல்லோரும் ஒரே திசையில்தான் பார்த்தார்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் சப்பரத்தை அணியத்தறைக்குள் ஏற்றிவிடலாம், அடுத்த திருவிழா வரைக்கும் கவலையில்லை என்று பேசிமுடித்தார்கள். சுவர் ஓரமாக நின்ற எமரன்சி, சப்பரம் போனால் தூக்குச்சட்டி போகிற சந்து மூடிப்போகுமே என்றாள். கமிட்டி யோசித்தது. அவர்கள் இரக்கமில்லாதவர்கள் இல்லை. சட்டி போகாவிட்டாலும் ஒரு குழாய் போகிற அளவுக்கு இடம் விடலாம், கஞ்சியாக ஊற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், நல்ல யோசனை என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை தூக்குச்சட்டியைக் கட்டிவிட்டு வெகுநேரம் இழுப்பு வரவில்லை. சட்டி திரும்பி வந்தபோது சோறு பாதி மிஞ்சியிருந்தது. எமரன்சி அந்த மிச்சச் சோற்றைக் கடற்கரையில் உட்கார்ந்து தின்றாள். தின்று முடித்து, அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தொட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்ஞாசி உள்ளே போன நாளிலிருந்து 'சலேத் மாதா' தண்ணீரில் இறங்கவில்லை. ஊர்ச் சாமான் இருக்கிற படகைக் கடலுக்கு விடலாமா என்று ஊர்தான் தடுத்து வைத்திருந்தது. கரையில் நிற்பதால்தான் அது கிட்டங்கி, கரையில் நிற்பதால்தான் கட்டுப்பாடு. அவளுக்கு அது பிடிபட்டதும் எழுந்து இஞ்ஞாசியின் தங்கை லெயோனி வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கு பூசைக்குப் போவாத. துடுப்பு போடணும்" என்றாள்.

லெயோனி எதற்கு என்று கேட்கவில்லை. கூடப்பிறந்தவன் உள்ளே இருக்கிறவள், அவளுக்கும் இத்தனை மாதமாகச் சோறு இறங்கவில்லை. பொம்பளைகள் படகு ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்று மட்டும் கேட்டாள். ஊர் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும் ஊர்தானே என்றாள் எமரன்சி.

ஞாயிற்றுக்கிழமை. காற்று விழுந்து கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. ஆண்கள் எல்லோரும் கோயிலுக்குள் இருந்தார்கள், சப்பரம் பூமாலையோடு வாசலில் நின்றது. எமரன்சியும் லெயோனியும் படகின் இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். கரையில் கூடை கழுவிக்கொண்டிருந்த மீன்விற்கிற பெண்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்து பின்னால் கைவைத்தார்கள். ஊரின் பீரோவும் கட்டிலும் மோட்டார் பைக்கும் உள்ளே இருந்தும் படகு வெறும் படகாகவே தண்ணீரில் இறங்கியது. அலை உடைகிற இடத்தைத் தாண்டித் துடுப்பை நிறுத்தி, எமரன்சி நங்கூரம் போட்டாள். பிறகு அணியத்தறையின் முன்னால் முட்டி போட்டு, யார் சாமான் என்று பாராமல் கையை உள்ளே விட்டாள்.

முதலில் வந்தது ஒரு கட்டு பந்தல் கால். அதைப் படகில் வைத்தாள். அடுத்து ஆர்மோனியம். அதையும் வைத்தாள். நாற்காலிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன, படகில் லெயோனிக்குக் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. அப்போது எமரன்சி ஒரு நாற்காலியை எடுத்துக் கடலில் வைத்தாள். வீசவில்லை, வைத்தாள். அது நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து மிதந்துபோனது.

பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் பார்த்தபோது நாற்காலிகள் வரிசையாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால், 'சலேத் மாதா'வின் விளிம்பில் ஒரு தையல் மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி எமரன்சி நின்றாள். தையல் மெஷின் மிதக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இத்தனை மாதம் வலை கட்டுகிற வேலை இருந்தவர்களுக்கும், இடுப்பு வலி இருந்தவர்களுக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்றவர்களுக்கும் அந்த நிமிடமே நேரம் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டுப் படகும் தண்ணீரில் இறங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது என்பதையும் மறந்து, வெள்ளை வேட்டியோடு துடுப்புப் போட்டார்கள்.

அவர்கள் வந்து சூழ்ந்தபின் வேலை சுளுவாயிற்று. எமரன்சி எடுத்துக் கொடுப்பாள், லெயோனி வாங்கி நீட்டுவாள், பக்கத்துப் படகில் நிற்பவர் பெற்றுக்கொள்வார். கடலில் யார் கையும் யார் சாமானிலும் படலாம் என்பதால், ரெமிஜியின் மோட்டார் பைக்கைக் கஸ்பாரே தன் படகில் ஏற்றிக்கொண்டார். தேக்குக் கட்டில் வந்தபோது அண்ணன் படகு ஒரு பக்கமும் தம்பி படகு மறுபக்கமும் வந்து நின்றன, இருவரும் விடமாட்டார்கள், ஆகவே கட்டிலின் இரண்டு கால் ஒரு படகிலும் இரண்டு கால் மற்றதிலுமாக, இரண்டு படகும் ஒட்டினபடியே கரைக்குப் போக வேண்டியதாயிற்று. வெகுகாலத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அப்போதுதான், இடதுபக்கம் போடு, மெல்லப் போடு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றாலும்.

வெயில் தலைக்கு ஏறி இறங்கிற்று. கஸ்பாரின் தார்ப்பாய் வந்தது, அவர் அதை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பின்னால் அண்டாவின் வளையம் கைக்குத் தட்டுப்பட்டது. எமரன்சி இரண்டு கையாலும் இழுத்தாள். அவளுடைய அப்பா உப்பளத்தில் முதுகு ஒடித்துச் செய்துபோட்ட அண்டா, ஓரத்தில் அவள் பெயர் வெட்டினது. வெளியே வந்ததும் பார்த்தால் சுற்றி நின்ற படகுகள் எல்லாம் விளிம்பு வரை நிறைந்திருந்தன. அதை வாங்கிக்கொள்ள யாரிடமும் இடமில்லை. 'சலேத் மாதா'விலோ, அண்டா இருந்தால் இன்னொரு ஆள் உட்கார இடமில்லை.

"மயினி, வேண்டாம் மயினி" என்றாள் லெயோனி.

எமரன்சி அண்டாவைக் கடலில் இறக்கினாள். அது மூழ்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒருதரம் சுற்றி, நீரோட்டத்தைப் பிடித்து, கரைக்கு எதிர்த்திசையில் நிதானமாகப் போகத் தொடங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. அணியத்தறைக்குள் குனிந்து, அடித்தொண்டையில் கூப்பிட்டாள்.

"வெளிய வாங்க. இன்னும் வெளிய."

முதலில் வெடித்த குதிகால்கள் தெரிந்தன. இன்னும் வெளியே என்றாள், முழங்காலும் கைலியும் வந்தன. இன்னும் வெளியே என்றாள், இடுப்பு வந்தது, எலும்பு எண்ணுகிற மாதிரி முதுகு வந்தது, கடைசியில் தாடியும் தலையும் வந்தன. இஞ்ஞாசி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படகில் உட்கார்ந்தான். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் பிளந்திருந்தன. சுற்றிலும் படகு படகாக நிறைந்து கிடந்த சாமான்களைப் பார்த்தான். ஒவ்வொன்றையும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. இது கதவுக்குப் பின்னால் இருந்தது, அது ஆட்டுக்கல்லுக்கு மேலே இருந்தது என்று உதடு அசைந்தது. படகுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உள்ளே வெகுதூரம் இடம் இருந்தது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. ஒரு மனுசன் பின்னால் நகர்ந்து நகர்ந்து இடம் விட்டுக்கொண்டே போயிருக்கிறான் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தது.

அவன் மடியில் அந்தக் கயிறு முடிச்சுகளோடு சுருட்டினபடி இருந்தது. இத்தனை மாதமும் கையை விட்டு இறக்கவில்லை போலிருக்கிறது.

"எல்லார் சாமானுக்கும் எடம் பாத்து வச்சிட்டேன். நம்ம கயித்துக்கு மட்டும் எடம் கெடைக்கல. இத எங்கட்டி வைக்க?"

"எங்கயாவது போடுங்க" என்றாள் எமரன்சி. "உங்களுக்கு எங்க தோணுதோ அங்க போடுங்க."

அவன் அதைக் கால்மாட்டிலேயே போட்டான். நேராக்கக்கூட இல்லை. அவள் அதைத் தாண்டிக் காலை வைத்து வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், லெயோனி துடுப்பைப் போட்டாள்.

கரைக்கு வந்து அணியத்தறையில் தண்ணீர்க் கேனையும் சோற்றுப்பானையும் வைத்தபோது அது நிறைந்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தால் முழங்கை ஆழத்தில் பலகை தட்டியது. அடுத்த வாரமே கஸ்பார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து, சப்பரம் நனைகிறது, இஞ்ஞாசிக்கு உடம்பு தேறின பிறகு, அவசரம் ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டு வர முடியுமா என்று பணிவாகக் கேட்டார். இஞ்ஞாசி யோசித்தான், அவன் யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழகாதவன். எமரன்சி வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இப்போதும் 'சலேத் மாதா' கரைக்கு வரும்போது நங்கூரம் ஒரு பக்கமும் கயிறு ஒரு பக்கமும்தான் கிடக்கும். எமரன்சி ஒன்றும் சொல்வதில்லை. அவன் எப்போதாவது தீப்பெட்டியை வைக்க முட்டி போட்டு அணியத்தறைக்குள் தலையை நுழைத்தால் மட்டும், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, அவன் தலை வெளியே வருகிற வரைக்கும் கைலியின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.